பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? – கொல்கத்தா யூதர் பள்ளியும் நம் தமிழ்ப்பள்ளிகளும்



முதலாம் ஆண்டு மாணவர் பதிவு தொடங்கும் காலந்தோறும் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்னும் முழக்கம் நாளிதழ்களிலும் கோயில் ஒலிபெருக்கிகளிலும் எழக் கேட்கிறோம். கூடவே இன்னொரு குரலும் எழும். நம் பெற்றோர்க்கு மொழிப்பற்று இல்லை. பிள்ளையை வேற்றுமொழிப் பள்ளியில் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதுகின்றனர். பள்ளிகள் மூடப்பட்டால் அவர்களே பொறுப்பு என்னும் பழிச்சொல் அது. மேடையில் நின்று சொல்வதற்கு எளிதான சொல். ஆனால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி அலுவலக வாசலில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு அத்தனை எளிதன்று. அந்தப் பழிச்சொல் வரலாற்றின் முன் நிற்குமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சற்றுத் தொலைவிலிருந்து, நமக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு சமூகத்திலிருந்து, தொடங்க வேண்டியிருக்கிறது.

யூதரில்லாத யூதர் பள்ளி

கொல்கத்தாவின் பார்க் தெருவில் யூதப் பெண்கள் பள்ளி என்றொரு பள்ளி இருக்கிறது. அதன் மாணவியர் அணியும் பள்ளிச் சின்னத்தில் தாவீதின் ஆறுமுனை விண்மீன் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், அங்கே பயிலும் மாணவியருள் யூதர் இல்லை. பெரும்பான்மையோர் இசுலாமியச் சிறுமியர். அவர்களுடைய பெற்றோர்க்கு அது நல்ல பள்ளி. பெயரைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை.

இப்பள்ளி 1881ஆம் ஆண்டு தோன்றியது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1798இல், சிரியாவின் அலெப்போ நகரத்து வணிகர் ஷாலோம் கோஹன் கல்கத்தாவில் குடியேறினார். அவரைத் தொடர்ந்து பாக்தாத் நகரத்து யூதக் குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன. வீட்டில் அவர்கள் அரபு மொழி பேசினர். அதனை எபிரேய எழுத்தில் எழுதினர். வணிகம் செழித்தது, தொழுகைக்கூடங்கள் எழுந்தன. பிள்ளைகளின் படிப்பு என்று வந்தபோதுதான் சிக்கல் முளைத்தது. ஆங்கிலம் கற்றுத்தரும் நல்ல பள்ளிகள் கிறித்தவ சமயப் பரப்பாளர் கையில் இருந்தன. அங்கே பயிலும் பெண்பிள்ளைகள் தம் சமயத்தை விட்டு நழுவிவிடுவார்களோ என்னும் அச்சம் பெற்றோரைப் பற்றியது. அந்த அச்சத்தின் விளைவே யூதப் பெண்கள் பள்ளி. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1875இல், பம்பாயில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பெனே இஸ்ரேல் யூதர்களும் தமக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தனர். பின்னாளில் அது சர் எல்லி கடூரி பள்ளி எனப் பெயர் பெற்றது. அப்பள்ளியிலும் இன்று யூதப் பிள்ளைகளைக் காண்பது அரிது.

யூதர்க்குப் பள்ளி என்பது புதிதன்று. பிள்ளைக்கு மறைநூல் கற்பிப்பது தந்தையின் கடமை என்பதே அவர்களின் தொல்வழக்கு. தந்தையை இழந்த பிள்ளை என்ன செய்யும் என்ற வினா பின்னர் எழுந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததாக அவர்களின் தல்மூது நூல் கூறுகிறது. அந்நூலில் இன்னொரு விதியும் உண்டு. ஓர் ஆசிரியர்க்கு இருபத்தைந்து பிள்ளைகள். நாற்பது பேரானால் உதவியாளர் ஒருவர் வேண்டும். ஐம்பதானால் ஆசிரியர் இருவர் வேண்டும். நாற்பது பேரையும் அதற்கு மேலும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்த நம் ஆசிரியர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடக்கூடும்! பிள்ளை முதன்முதல் எழுத்தறியும் நாளில், பலகையில் எழுதிய எழுத்துகளின்மீது தேன் தடவி நக்கச் சொல்லும் வழக்கம் இடைக்கால ஐரோப்பிய யூதரிடையே இருந்தது. தட்டிலிட்ட அரிசியில் 'அ' எழுதவைக்கும் நமக்கு அது விளங்காத செய்தியன்று.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1881இல் தொடங்கிய பள்ளி நன்றாகவே வளர்ந்தது. ஆனால், பெற்றோர்க்கு இப்போது வேறொரு கவலை. சமயம் காக்கப்பட்டது சரி, பிள்ளை பிழைப்புக்கு என்ன செய்யும்? அரசாங்க வேலையும் வணிக நிறுவன வேலையும் ஆங்கிலத்தில் இருந்தன. பள்ளி ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு தலைமுறைக்குள் பாட்டியர் பேசிய அரபு பேத்தியரின் வாயில் இல்லை. சமயத்தைக் காக்க எழுந்த பள்ளியால் வீட்டு மொழியைக் காக்க இயலவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாவிலிருந்து ஓடிவந்தோரையும் சேர்த்து, கல்கத்தா யூதர் ஏறத்தாழ ஐயாயிரவர் இருந்தனர். 1947க்கும் 1948க்கும் பிறகு அவர்கள் இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனப் பிரிந்து போயினர். ஆங்கிலம் கற்ற பிள்ளைகளுக்கு அங்கெல்லாம் பிழைப்பது கடினமாக இல்லை. பள்ளி தன் கடமையைச் சரியாகச் செய்தது. செய்ததனாலேயே பிள்ளைகளால் புறப்பட்டுப் போக முடிந்தது என்றுகூடச் சொல்லலாம். இன்று அந்நகரில் எஞ்சியுள்ள யூதர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

(நம் நாட்டிலும் யூதர் வாழ்ந்தனர். பினாங்கில் அவர்களுடைய பழைய இடுகாடு இன்னும் இருக்கிறது. அதனை அடுத்த சாலைக்கு முன்னர் யூதர் சாலை என்றே பெயர். இன்று அது ஜாலான் ஜைனல் அபிடின். அவர்களின் தொழுகைக்கூடம் நாகூர் சாலையில் இருந்தது. 1976இல் அது மூடப்பட்டது.)

இந்தக் கதையில் பெற்றோரின் அச்சம் இரு வகையாக வருவதைக் கவனியுங்கள். பிறர் பள்ளியில் படித்தால் பிள்ளை பிறருடையதாகிவிடும் என்பது முதல் அச்சம். நம் பள்ளியில் மட்டும் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்பது இரண்டாம் அச்சம். முதல் அச்சம் பள்ளிகளைத் திறக்கிறது. இரண்டாம் அச்சத்திற்கு விடை கிடைக்காத இடத்தில் பள்ளிகள் வாடுகின்றன. பற்று மிகுந்தவர், பற்று இல்லாதவர் என்று பெற்றோரை இரு கூறாகப் பிரிக்க முடியாது. ஒரே தந்தையின் நெஞ்சில் இரண்டு அச்சமும் குடியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை

கல்கத்தா யூதர் 1881இல் செய்ததை யாழ்ப்பாணத்துச் சைவர் 1848இலேயே செய்துவிட்டனர். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் அமைத்தனர். வெஸ்லியன் சபையாரும் பள்ளி நடத்தினர். அங்கே கற்று, அங்கேயே கற்பித்து, பீட்டர் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். முதல் அச்சத்திற்கு அவர் தந்த விடை அது. இரண்டாம் அச்சத்திற்கான விடை சற்றுப் பிந்தி வந்தது. சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி தரும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் உருப்பெற்றது. சமயமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும் என்று கேட்ட பெற்றோர் அங்கே நிறைவு கொண்டனர்.

இந்தப் பெற்றோரின் பிள்ளைகள்தாம் மலாயாவுக்குக் கப்பலேறினர்.

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் முனைந்தபோது செங்கல் சூளைகள் பெருகிய இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி, புக்கிட் கூடா வரை, தண்டவாளம் இடப்பட்டது. 1890இல் ஆற்றுக்கு மேல் பாலம் அமைந்து இரயில் கிள்ளான் நகருக்குள்ளேயே போயிற்று. இரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்ஃபீல்ட்ஸில் அமைந்தன. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் வந்தனர். தமிழகத்துத் தொழிலாளர் தண்டவாளம் இடவும் பழுதுபார்க்கவும் வந்தனர். ஒரே இரயில்வே, ஒரே மொழி, அருகருகே வீடுகள். ஆனால், சம்பளத்தில் இடைவெளி. பிள்ளைகளின் படிப்பில் அதைவிடப் பெரிய இடைவெளி.

விவேகானந்தர் 1897இல் மேலை நாட்டிலிருந்து திரும்புகையில் யாழ்ப்பாணத்துக்கும் சென்றிருந்தார். அவர் மூட்டிய கனல் கடல்கடந்து இங்கும் வந்தது. இலங்கைத் தமிழரின் முயற்சியில் 1904இல் பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்தர் ஆசிரமம் எழுந்தது. அதனைச் சார்ந்து விவேகானந்தா பள்ளிகள் வளர்ந்தன; தமிழ்ப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 2014இல் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளியானபோது ஊர் திரண்டு எதிர்த்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயிலும் அந்தச் சமூகத்தார் கட்டியதே.

இங்கேதான் நம் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. ஆசிரமம் கட்டி, கோயில் கட்டி, தமிழ்க்கல்விக்கும் கைகொடுத்த நடுத்தர வகுப்பார் தம் ஆண்மக்களைப் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். விக்டோரியா கல்விக்கழகம் 1893இல் தோன்றியிருந்தது. மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897இல் வந்தது. கான்வென்டுப் பள்ளி 1899இல், செயிண்ட் ஜான் பள்ளி 1904இல். கேம்பிரிட்ஜ் தேர்வுச் சான்றிதழ் இல்லாமல் அரசாங்க அலுவலகத்தின் வாசற்படியை மிதிக்க முடியாது. அப்பாவின் நாற்காலி மகனுக்குக் கிடைக்க வேண்டுமானால் மகன் அந்தப் பள்ளியில்தான் அமர வேண்டும். தமிழும் தேவாரமும் வீட்டிலும் கோயிலிலும் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டனர். அவர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால், அவர்களைக் குறைகூறாத நாவு அடுத்த தெருத் தொழிலாளியையும் குறைகூறக் கூடாது. தமிழ்ப்பள்ளி ஏழைக்குரியது, ஆங்கிலப் பள்ளி மேன்மக்களுக்குரியது என்ற எண்ணம் தொழிலாளர் வீட்டில் பிறந்ததன்று.

கிள்ளான் தோட்டங்களில்

இரயில் பாதையின் மறுமுனைக்குச் செல்வோம். கிள்ளானைச் சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த வழிசெய்தது. 1923ஆம் ஆண்டின் சட்டமும் அதனை வலியுறுத்தியது. தாளில் பார்த்தால் நல்ல சட்டம். பள்ளி எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யாராக இருக்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டது. ஆயாக்கொட்டகையின் ஓர் ஓரம் பள்ளியானது. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ மருந்துக்காரரோ ஆசிரியரானார். பாடநூல் தமிழகத்திலிருந்து வந்தது. பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகள் படித்தால் பெரிது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் புல் பிடுங்கவும் பாற்கோப்பை துடைக்கவும் வெளிக்காட்டுக்குப் போனது. தோட்டத்துக்குப் பள்ளி வேண்டியது, ஆள் தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்பதற்காக. படித்துத் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காக அன்று.

அந்தப் பெற்றோர் இதனை ஏற்றுக்கொண்டு கிடந்தார்களா? இல்லை. இதற்கு நம்மிடம் மறுக்க முடியாத சான்று இருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாக அவர்களை ஒன்றுதிரட்டினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளின் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு ஈடான சம்பளம். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்துதல். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல். முறையான மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடுதல். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவு ஒழிதல். உறவினர் தடையின்றி வந்துபோதல். இவற்றோடு ஒன்றாக, பிள்ளைகளுக்கு முறையான கல்வி!

ஆம், பள்ளி ஏற்கெனவே இருந்தது. அவர்கள் கேட்டது முறையான பள்ளி. எழுத்தறியாத தாயும் தந்தையும், நாட்கூலியை இழந்து, சோற்றுக்கு வழியின்றி நின்று, பிள்ளைகளின் கல்வியை ஒரு கோரிக்கையாக வைத்தனர். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் நீத்தனர். கல்வியில் அக்கறையற்றவர் என்று நம் மேடைகளில் ஏசப்படும் பெற்றோரின் பாட்டனும் பாட்டியும் இவர்கள். கிள்ளானில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கோரிக்கைப் பட்டியலை ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒரு முறையேனும் வாசித்துக் காட்டலாம் என்பது என் விருப்பம்.

அடியும் உச்சியும்

போருக்குப் பின் சட்டங்களின் காலம். 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைத் தேசியப் பள்ளி போதும், தாய்மொழிப் பள்ளிகள் தேவையில்லை என்றது. சீனரும் தமிழரும் எதிர்த்தனர். 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தொடக்கநிலையில் சீன, தமிழ்ப் பள்ளிகளுக்கு இடம் தந்தது. பொதுப் பாடத்திட்டத்தையும் மலாய்மொழியையும் கட்டாயமாக்கியது. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வியமைச்சர் கையில் கொடுத்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. தாய்மொழிப் பள்ளிகளே அரசமைப்புக்கு மாறானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021இல் உயர்நீதிமன்றம் தள்ளியது; 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

இச்சட்டங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல விரும்புவது அவற்றில் இல்லாத ஒன்றைப் பற்றி. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி நம் நாட்டில் வேரூன்றவே இல்லை. தொடக்கநிலையில் தமிழ்ப்பள்ளி உண்டு. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தோன்றியதால் உச்சியிலும் தமிழ் உண்டு. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது! அடியும் உச்சியும் இருக்க, நடுப்பகுதி இல்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளை நம் கையைவிட்டு வேறொரு மொழிப் பள்ளிக்குள் நுழைய வேண்டும். தேறாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிக்க வேண்டும். அங்கே தமிழ் ஒரு பாடமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆசிரியர் கிடைப்பதைப் பொறுத்தது. 2009இல் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்களைப் பத்தாகக் குறைக்க முனைந்தபோது தமிழும் தமிழிலக்கியமும் வெளியே தள்ளப்படுமோ என்ற கலக்கம் பெற்றோரிடையே எழுந்தது. பின்னர்க் கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க இசைவு கிடைத்தது.

அமெரிக்காவில் யூதர் நடத்தும் முழுநேரப் பள்ளிகளில் பல, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை கற்பிக்கின்றன. அரைநாள் மறைநூலும் எபிரேயமும், மீதி நாள் கணிதமும் அறிவியலும். அங்குள்ள பெற்றோரின் பெருங்கவலை கட்டணம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர். நம் பள்ளியில் அந்தக் கவலை இல்லை. ஆனால், அவர்கள் எதிர்கொள்ளாத வினா ஒன்று நம்மவர்க்கு உண்டு. ஆறே ஆண்டுகளுக்காக ஒரு மொழியில் ஊன்றி, ஏழாம் ஆண்டில் பிடுங்கி வேறு மண்ணில் நடுவது பிள்ளைக்கு நல்லதா? இதைக் கேட்கும் தாயிடம் மொழிப்பற்றைப் பற்றிப் பேசுவது விடையாகாது. ஆறு ஆண்டுகளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவள் பிள்ளை எந்த அளவுக்குத் தேறும் என்று தலைமையாசிரியர் காட்டுவதே விடை.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. இந்த எண்ணைக் காட்டி அழுவோர், 1957இல் மாணவர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரே என்பதையும், 2008ஆம் ஆண்டையொட்டி அது ஒரு லட்சத்தைத் தாண்டியது என்பதையும் சொல்வதில்லை. பள்ளிகள் குறைந்தன, மாணவர் இரட்டித்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், தாமான்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்விட்டு அழிந்தபோதும், சிறு பள்ளிகள் மறைந்தன. சில பள்ளிகள் பெயரை மட்டும் சுமந்துகொண்டு நகருக்குள் வந்தன. சுபாங் ஜெயாவின் சீபீல்டு, பூச்சோங்கின் காசல்ஃபீல்டு, பண்டார் உத்தாமாவின் எஃபிங்ஹாம் ஆகிய பெயர்களெல்லாம் தோட்டப் பெயர்களே. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி, சுற்றுவட்டாரத் தோட்டங்களைவிட்டு வந்தோரின் பிள்ளைகளால் நிறைந்து, நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றானது.

இடையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் முதலாம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, மலாய்வழிக்கு மாறின. நடுத்தர வகுப்பாரின் பழைய புகலிடம் மறைந்தது. உடனே அவர்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்துவிடவில்லை. பெரும்பாலோர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கு அனுப்பினர், சிலர் சீனப்பள்ளிக்கு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் இரண்டாயிரத்திற்குப் பின்னரும்தான் படித்த பெற்றோர் சிலர் திரும்பி வரலாயினர். தேசியப் பள்ளியில் தம் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் இடம் சுருங்குகிறது என்ற எண்ணம் பரவியது ஒரு காரணம். கல்கத்தாவின் 1881ஆம் ஆண்டு அச்சம்தான், மீண்டும். தமிழ்ப்பள்ளிகளின் தேர்வு முடிவுகள் உயர்ந்தது மற்றொரு காரணம். இரண்டு அச்சத்துக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தபோது வாசலில் வரிசை நீண்டது.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற ஆணை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. மொழியார்வலர் கொதித்தனர். ஆனால், பெற்றோருள் கணிசமானோர் மகிழ்ந்தனர். ஆசிரியர் ஓய்வறைகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் அன்று நடந்த வாக்குவாதங்கள் நினைவிருக்கும். 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. கொதித்தவர் பக்கமும் மகிழ்ந்தவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. முன்னவர் பேசியது பள்ளியைப் பற்றி. பின்னவர் பேசியது தம் பிள்ளையைப் பற்றி.

இங்கே ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்ப்பள்ளியில் கற்பித்துச் சம்பளம் வாங்கும் நம்மவருள் சிலர் தம் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்க்கின்றனர். ஊரார் அதைக் கவனிக்கின்றனர். காரணம் கேட்டால் வீட்டுக்கு அருகில், போக்குவரத்து வசதி என்பார்கள். அவை பொய்யல்ல. ஆனால், அதே காரணத்தைப் பள்ளிக்கு வரும் லாரி ஓட்டுநர் சொன்னால் மட்டும் ஏன் மொழிப்பற்றின்மை ஆகிறது?

இன்றைய நிலை

ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை பின்னர்ச் சரிந்தது. இன்று எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. பெரிய காரணம் எளிது. நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளுள்ள வீட்டில் கவலை இன்னும் கூர்மையாகிறது. தவறாகத் தேர்ந்துவிட்டால் ஈடுசெய்ய மற்றொரு பிள்ளை இல்லை. பாதிக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரே உள்ளனர். அவற்றுட் பல தோட்டம் போன பின்னும் பழைய இடத்திலேயே நிற்பவை. பிள்ளைகள் இருக்கும் தாமானில் பள்ளி இல்லை; பள்ளி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் இல்லை. அடுக்குமாடி வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்ல மாதந்தோறும் வேன் கட்டணம் கொடுக்க வேண்டும். தேசியப் பள்ளியோ நடந்துபோகும் தூரத்தில். இரண்டு பிள்ளைகளுக்கான வேன் கட்டணம் என்பது அந்த வீட்டில் ஒரு வார மளிகைச் செலவு.

முதலாம் ஆண்டுப் பதிவின்போது நாம் எழுப்பும் முழக்கம் பெரும்பாலும் காலம் கடந்தது. ஐந்து வயதில் பிள்ளை எந்தப் பாலர் பள்ளிக்குப் போகிறதோ, அங்குள்ள தோழர்களோடுதான் ஏழு வயதில் பள்ளி மாறும். தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே பாலர் வகுப்பு அமைந்தால் பெற்றோர் அங்கேயே நிலைக்கின்றனர். அரசாங்கப் பாலர் வகுப்பு ஒன்றில் இருபத்தைந்து பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். தல்மூது சொன்ன அதே இருபத்தைந்து! பல தமிழ்ப்பள்ளிகளில் அத்தகைய வகுப்பு ஒன்றே இருக்கிறது; சிலவற்றில் அதுவும் இல்லை. உங்கள் பள்ளியில் இடமில்லை என்று கேட்டுத் திரும்பிய பெற்றோர் எத்தனை பேர், அவர்களின் பிள்ளைகள் ஈராண்டு கழித்து எங்கே பதிவாயினர் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கத் தொடங்கலாம். வரும் பதிவுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.